ஒரே ஆண்டில் இரண்டு பிரஷர் ஸ்விட்ச் எரிந்துவிட்டது: கோளாறு ஸ்விட்சிலா, வேறெங்குமா?

கல்லிடைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க்குச் சற்றுத் தள்ளி, தாத்தா கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். பின்கட்டில் 38 அடி ஆழமுள்ள கிணறு ஒன்று உண்டு. கால்வாயில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் தரைமட்டத்திலிருந்து 10 அடியிலேயே தண்ணீர் நிற்கும். கால்வாய் நின்று பங்குனி, சித்திரை வெயில் ஏறினால் 22 அடி வரை இறங்கிவிடும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மாடி எடுத்தபோது, மாடிக் குளியலறையில் ஷவர் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக, கிணற்றடியில் 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டாரும் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) 24 லிட்டர் பிரஷர் டேங்கும், தண்ணீரின் அழுத்தத்துக்கேற்ப மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சும், அழுத்தத்தைக் காட்டும் கேஜும் வைத்தோம். மோட்டாரின் தகட்டில் அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரம், 36 மீட்டர் என்று அடித்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லை. சென்ற ஐப்பசியில் மோட்டார் ஓடாமல் நின்றபோது, வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் ஸ்விட்சின் பாயிண்ட் கருகிவிட்டது என்று புதிது மாட்டினார். மாடியில் ஷவர் மெதுவாக விழுகிறது என்று நான் சொன்னதால், மூடியைத் திறந்து பெரிய நட்டைச் சில சுற்று இறுக்கியும் வைத்தார். இந்தச் சித்திரையில் அந்த ஸ்விட்சும் அதேபோல் கருகிவிட்டது. இப்போது மூன்றாவது ஸ்விட்ச் ஓடுகிறது. அதையும் பழைய அளவுக்கே இறுக்கியிருக்கிறார்.

இப்போதுள்ள தொல்லைகள் மூன்று. எந்தக் குழாயைத் திறந்தாலும் ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை ஸ்விட்ச் ‘டக், டக்’ என்று அடித்து மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. இரவில் வீட்டில் ஒருவரும் குழாயைத் தொடாதபோதும் ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு கணம் ஓடி நிற்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது: பங்குனியிலிருந்து சில நாட்களில், எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மோட்டார் நிற்பதில்லை, கேஜின் முள் (சதுர சென்டிமீட்டருக்கு) 2.9 கிலோவில் போய் அப்படியே நிற்கிறது, பம்பின் தலையைத் தொட்டால் கை சுடுகிறது, நான்தான் ஓடிப்போய் எம்.சி.பி.யை இறக்க வேண்டியிருக்கிறது.

மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை, 1.5 எச்.பி. வாங்குங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். விலை கூடிய வெளிநாட்டு ஸ்விட்ச் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். கப்பியும் வாளியும் இருந்த காலத்தில் கிணறு ராத்திரியில் வாய் திறந்ததில்லை என்கிறார் என் அம்மா. மூவரில் யார் பேச்சைக் கேட்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஃபிட்டர், அம்பாசமுத்திரம்

தம்பி, உங்கள் அம்மாவைத் தவிர மற்ற இருவர் பேச்சையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் எழுதியிருப்பவை ஒன்றல்ல, மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றும் ஸ்விட்சின் வழியாகவே வெளியே தெரிவதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுந்திருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது அடியில் ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதை மேலிருந்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங், அதன் அசைவில் சேர்ந்து பிரியும் இரண்டு ஜோடிப் பாயிண்ட், இவ்வளவே. குழாயில் தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் வென்று பாயிண்ட் சேரும்; கூடினால் டயாஃப்ரம் வென்று பாயிண்ட் பிரியும். தனக்கு வந்து சேருகிற அழுத்தத்தைத்தான் அது சொல்கிறது.

முதலில் நீங்கள் பயப்படுகிற மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கேஜில் 1 கிலோ என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். பொதுவாக இந்த வகை ஸ்விட்சுகள் 1.4 கிலோவில் ஓட்டி 2.8 கிலோவில் நிறுத்தும்படி வரும். பெரிய நட்டை இறுக்கினால் ஓட்டும் அளவு, நிறுத்தும் அளவு இரண்டும் சேர்ந்து ஏறும். உங்களுக்கு நிறுத்தும் அளவு 3.2 கிலோ பக்கம் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 32 மீட்டர். கார்த்திகையில் தண்ணீர் 10 அடியில், அதாவது 3 மீட்டரில் நிற்கும்போது, பம்பு தூக்க வேண்டியது மொத்தம் 35 மீட்டர். 36 மீட்டர் பம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட்டுவிடும், ஸ்விட்சும் நிறுத்திவிடும். சித்திரையில் தண்ணீர் 22 அடிக்கு இறங்கினால் அது 6.7 மீட்டர். 36-இல் 6.7 போனால் மிச்சம் 29.3 மீட்டர், கேஜில் அது 2.9 கிலோ. உங்கள் முள் எங்கே நின்றது என்று எழுதினீர்களோ, அதே இடம். அதற்கு மேல் ஏற்றப் பம்பிடம் சக்தி கிடையாது, 3.2 வந்தால்தான் நிறுத்துவேன் என்று ஸ்விட்ச் காத்திருக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் பம்பின் வயிற்றுக்குள்ளேயே சுழன்று சூடேறுகிறது. இப்படி ஓரிரு மணி நேரம் விட்டால் முதலில் பம்பின் தண்ணீர் வெளியே கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போகும், பிறகு மோட்டாரின் காயில். ஆகவே இன்றே அந்தப் பெரிய நட்டைத் தளர்த்துங்கள். நிறுத்தும் அளவு 2.5 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது பம்பு கொஞ்சம் சோர்ந்துவிடும், அதற்கும் இடம் விட வேண்டும்.

நட்டைத் தொடுமுன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றியதும் டெஸ்டரை வைத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே திறந்த டெர்மினல்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே தண்ணீர், காலடியில் ஈரம். நட்டின் ஒரு முழுச் சுற்றுக்கு அழுத்தம் இரண்டு மூன்று பவுண்டு (சதுர அங்குலத்துக்கு), அதாவது கேஜில் 0.2 கிலோ அளவுக்கு மாறும். அரைச் சுற்றுச் சுற்றி, மூடியைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, கேஜைப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. பெரும்பாலான ஸ்விட்சுகளில் பக்கத்தில் சின்ன நட்டு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் நிறுத்தும் அளவு மட்டும் மாறும். ஓட்டும் அளவு பெரும்பாலும் அப்படியே நிற்கும். முதலில் பெரிய நட்டால் ஓட்டும் அளவை 1.4 கிலோவுக்குக் கொண்டுவந்து, பிறகு சின்ன நட்டால் நிறுத்தும் அளவைச் சரிசெய்வதே வசதி.

இனி அந்த ‘டக், டக்’. இதற்குக் காரணம் டேங்கு. அந்த 24 லிட்டர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பலூன் இருக்கிறது. பலூனுக்குள் தண்ணீர், பலூனுக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே காற்று. அந்தக் காற்று நசுங்கி விரிவதால்தான், மோட்டார் நின்ற பிறகும் குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் வருகிறது. நல்ல நிலையிலுள்ள உங்கள் டேங்கு, 1.4 முதல் 2.5 கிலோ வரையிலான இடைவெளியில், மோட்டார் ஓடாமல் 7 லிட்டர் தரும். பெயர் 24 லிட்டர் என்றாலும் கைக்கு வருவது அவ்வளவுதான். காற்று போய்விட்டால் அந்த 7 லிட்டரும் போய்விடும். தண்ணீரை நசுக்க முடியாது, ஒரு டம்ளர் வெளியேறினாலே அழுத்தம் சரிந்து மோட்டார் ஓடும், ஓடிய மறுகணம் அழுத்தம் ஏறி நிற்கும். 18 லிட்டர் வாளி நிறைய ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால், ஆறு வினாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஒரு வாளிக்குப் பதினைந்து முறை மோட்டார் கிளம்புகிறது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் பக்கம் இழுக்கும். கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டில் ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு வாளி குளித்து முடிப்பதற்குள் நூற்றைம்பது முறை அந்தப் பாயிண்டுகளுக்கு நடுவே பொறி பறக்கிறது. எந்த நாட்டு ஸ்விட்சானாலும் கருகத்தான் செய்யும். 1.5 எச்.பி. வாங்கினால் பொறி இன்னும் பெரிதாகும்.

சோதித்துப் பாருங்கள்: எம்.சி.பி.யை இறக்கி, கீழேயிருக்கும் ஒரு குழாயைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வரும் வரை தண்ணீரை வடியவிடுங்கள். டேங்கின் பின்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குள் சைக்கிள் டியூபில் இருப்பதைப் போன்ற வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை அழுத்தினால் காற்று வர வேண்டும். தண்ணீர் வந்தால் பலூன் கிழிந்துவிட்டது என்று பொருள். பலூன் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, டேங்கை மாற்ற வேண்டியதில்லை. காற்று வந்தால் டயர் கேஜை வைத்து அளந்து, 18 பவுண்டுக்குக் குறைந்திருந்தால் சைக்கிள் பம்பால் ஏற்றுங்கள். ஓட்டும் அளவு 1.4 கிலோ, அதாவது 20 பவுண்டு. டேங்கின் காற்று அதைவிட 2 பவுண்டு குறைவாக இருக்க வேண்டும். அதைவிடக் கூட்டி வைத்தால், மோட்டார் கிளம்புமுன்பே டேங்கு காலியாகி, குளித்துக்கொண்டிருக்கும்போது ஷவர் ஒரு கணம் நின்று பிறகு வரும். குழாயில் அழுத்தம் இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டும், அந்த அளவுக்கு அர்த்தமில்லை. இதை நான் எத்தனையோ வீடுகளில் சொல்லியும், மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே டேங்கில் காற்று அளக்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

இரவு ஓட்டத்துக்கு ஒரே ஒரு சோதனை. படுக்கப் போகுமுன், டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கேட் வால்வை மூடி, முள்ளின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியும் வரை மோட்டார் ஓடாமல் முள்ளும் அசையாமல் இருந்தால் கசிவு வீட்டுக்குள். பெரும்பாலும் கழிப்பறை ஃப்ளஷ் டேங்காக இருக்கும். அதில் கொஞ்சம் காப்பி டிகாஷனை ஊற்றிவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி கழித்துப் பீங்கானைப் பாருங்கள், நிறம் இறங்கியிருந்தால் அகப்பட்டது. வால்வை மூடியும் முள் இறங்கினால் கசிவு கிணற்றுப் பக்கம். இழுக்கும் குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடிக்காமல் கிணற்றுக்கே திருப்பி விடுகிறது.

மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை பணம் செலவழிக்க வேண்டாம்.

தேரிக்காட்டு டீச்சர்

ஃபிட்டர் அண்ணாச்சி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எங்கள் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு இன்னொரு சங்கதி தெரியும், அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். பிரஷர் ஸ்விட்ச் குழாயோடு நேராக இணைந்திருப்பதில்லை; நிப்பிள் என்கிற கால் அங்குலக் குட்டிக் குழாய்த் துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. வெந்நீர் அண்டாவின் அடியில் மாதத்துக்கொரு வெள்ளைத் தகடு பெயர்த்தெடுக்கலாம். அந்தச் சுண்ணாம்பு அந்தக் குட்டி நிப்பிளுக்குள் படியாமல் இருக்குமா? மூன்றாண்டு முன்பு ஒரு நாள், குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நிப்பிள் அடைத்துக்கொண்டதால் ஸ்விட்சுக்கு அந்தச் செய்தி போகவில்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது மொட்டைமாடிக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயின் எல்போ பிய்த்துக்கொண்டு, முற்றம் முழுவதும் செம்மண் சேறாகக் கிடந்தது. அன்று வந்தவர் ஸ்விட்சை மாற்றினார், நிப்பிளைத் தொடவில்லை. நான்கே மாதத்தில் மறுபடி அதே கதை. இரண்டாம் முறைதான் நானே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினேன். கடுகு நுழையாத அளவுக்கு ஓட்டை சுருங்கியிருந்தது. பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்தி, ஒரு கிண்ணம் வினிகரில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, மறுநாள் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டியதும் ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்தது. குளியலறை கழுவுகிற ஆசிட்டை இதற்கு ஊற்றாதீர்கள். சுண்ணாம்போடு சேர்த்து இரும்பின் துத்தநாகப் பூச்சையும் அது தின்றுவிடும். அதன் பிறகு டேங்குப் பக்கம் ஒரு சேஃப்டி வால்வும் வைத்துவிட்டேன். ஸ்விட்ச் எந்தக் காரணத்தால் நிறுத்தத் தவறினாலும் தண்ணீர் அதன் வழியே வெளியேறும், எல்போ தப்பிக்கும்.

கல்லிடையில் இந்த உப்பு இருக்காது என்றாலும், ஸ்விட்ச் குழாயின் அடிப்பக்கத்தில் தொங்குகிறதா, மேல்பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அடியில் தொங்கினால் தண்ணீரிலுள்ள மண்டி அத்தனையும் அதற்குள்தான் போய் உட்காரும்.

இன்னொன்று எறும்பு. எங்கள் வீட்டில் ஒருமுறை மோட்டார் ஓடவே இல்லை. மூடியைத் திறந்தால், பாயிண்டுகளுக்கு நடுவே செத்த எறும்புகள் மிளகுப்பொடியைத் தூவியது போலக் கருகி ஒட்டியிருந்தன. வயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் கிளாண்ட் போடாமல் விட்டதால் வந்த வினை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஓட்டையைச் சுற்றி எம்சீல் வைத்து அடைத்தேன். பூச்சி மருந்தை உள்ளே அடிக்கக் கூடாது. அதன் எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிப் பாயிண்ட் கெட்டுவிடும். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பதும் அப்படித்தான். மேலேயுள்ள வெள்ளிப் பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இரண்டு மடங்கு வேகத்தில் கருகும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும் வரை ஓட்டுவதற்கு வேண்டுமானால் தேய்த்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டை மேல்மாடி

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கரண்ட் போனால் உங்கள் பிரஷர் டேங்கில் இருப்பது ஏழு லிட்டர். என் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது ஆயிரம் லிட்டர். நம் ஊரில் இத்தனை தலைமுறையாக மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, அது இறங்கி வருவதில் குளித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மோட்டார் ஓடினால் போதும். ஸ்விட்ச், பலூன், நிப்பிள் என்று இத்தனை சனியன்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடு இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க முடியாது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆற்றுக்குப் பக்கமாக இருக்கும் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தரையிலிருந்து முக்கால் அடியில் இருந்த மோட்டாரும் ஸ்விட்சும் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தன. வடிந்த பிறகு, மூடியைத் திறந்து பார்க்காமல் அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டேன். வண்டல் ஏறிய பாயிண்டுகள் வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காயிலும் அன்றே போனது. மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்து, ரீவைண்டிங் கடையில் இன்சுலேஷன் பார்த்து, கெபாசிட்டரை மாற்றிய பிறகே ஓட்டியிருக்க வேண்டும் என்று பின்னால் சொன்னார்கள். புதிதாக மாட்டும்போது எல்லாவற்றையும் நெஞ்சளவு உயரத்தில் சுவரில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் தண்ணீர் மேல்தொட்டி வழியாகவே வரும்படி மாற்றிவிட்டேன்.

கல்லிடைவாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஃபிட்டர் அண்ணாச்சி எழுதிய அன்றே நட்டைத் தளர்த்தினேன். தளர்த்துமுன், வெளிமுற்றக் குழாயை மெல்லத் திறந்துவைத்துக்கொண்டு கேஜைப் பார்த்ததில், முள் 1.8-க்கு இறங்கியதும் மோட்டார் கிளம்பியது. இரண்டு அளவுக்கும் இடையே 1.4 கிலோ வித்தியாசம் என்றால் நிறுத்துவது 3.2-இல்தான், நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தியது. பெரிய நட்டை இரண்டு சுற்று தளர்த்தியதில் ஓட்டும் அளவு 1.4-க்கு வந்தது, சின்ன நட்டையும் ஒன்றரைச் சுற்று தளர்த்தி, நிறுத்தும் அளவை 2.5-க்குக் கொண்டுவந்தேன். அன்று கிணற்றில் தண்ணீர் 21 அடியில் இருந்தது. குழாய்களை மூடிய சிறிது நேரத்தில், எட்டு மாதத்தில் முதன்முறையாகச் சிரமமில்லாமல் மோட்டார் நின்றது.

டேங்கைச் சோதித்தபோது என் மகன்தான் ஊசியை அழுத்தினான். காற்றுக்குப் பதிலாகத் துருப்பிடித்த தண்ணீர் பீய்ச்சி அவன் பள்ளிச் சட்டையில் அடித்தது. டேங்கை வடித்த பிறகும் தூக்கினால் கல்லாகக் கனத்தது. ஃபிளேஞ்சின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றிப் பலூனை உருவியதில், கழுத்துக்கு நான்கு விரற்கடைக்குக் கீழே, மடிப்பு விழுந்த இடத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதன் வழியே நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்கும் பலூனுக்கும் நடுவே நின்றிருக்கிறது. பழைய பலூனைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் திருநெல்வேலி ஜங்ஷனில் புதிது வாங்கினேன். மாட்டியபின் 18 பவுண்டு ஏறுவதற்குச் சைக்கிள் பம்பால் நூறு அடிக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. மகன் எண்ணிக்கொண்டே அடித்தான், நூற்றுப் பன்னிரண்டு என்றான். இப்போது ஒரு வாளி நிறைவதற்குள் மோட்டார் இரண்டு முறைதான் கிளம்புகிறது.

இரவுச் சோதனையில், கேட் வால்வை மூடியும் முள் இறங்கியது, 2.5-இல் விட்டது விடியும்போது 1.6. ஆகவே கிணற்றுப் பக்கம் என்று முடிவு செய்து, ஆள் வைத்துக் குழாயைத் தூக்கினோம். ஃபுட் வால்வைக் கழற்றினால், ரப்பர் மடலுக்கும் அது உட்காரும் பித்தளை வளையத்துக்கும் நடுவே அரை விரல் நீளத்தில் ஓர் ஈர்க்குத் துண்டு. கிணற்றின் மேல் சாய்ந்திருக்கும் தென்னையிலிருந்து ஓலை விழுந்து உள்ளேயே மக்கியிருக்கிறது. சல்லடையின் ஓட்டை வழியாக ஈர்க்கு குத்தூசி போல நுழைந்திருக்க வேண்டும். அதைப் பிடுங்கிப் போட்டு, மடலையும் புதிதாக மாற்றிவிட்டேன். நேற்றிரவு மோட்டார் ஒருமுறைகூட ஓடவில்லை.

டீச்சர் அக்கா சொன்னபடி பார்த்ததில், ஸ்விட்ச் குழாயின் மேல்பக்கம்தான் நிற்கிறது, நிப்பிளும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வயர் நுழையும் ஓட்டை திறந்தே கிடந்தது; அடைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். நிறுத்தும் அளவைக் குறைத்த பிறகு மாடி ஷவர் முன்பைவிட மெல்லத்தான் விழுகிறது, அதற்கு வழி உண்டா? பாளையங்கோட்டை அண்ணன் சொல்வது போல மேல்தொட்டிக்கே மாறிவிடலாமா?

பழைய ஃபிட்டர், அம்பாசமுத்திரம்

ஈர்க்கு நான் எதிர்பார்க்காதது. சல்லடையைச் சுற்றி நைலான் கொசுவலைத் துணியை ஒரு சுற்று கட்டிவிடுங்கள், இரண்டு சுற்று வேண்டாம். மோட்டார் இழுக்கத் திணறும். ஆண்டுக்கொருமுறை தூக்கிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் துணியே அடைப்பாகிவிடும்.

ஷவருக்கு வருகிறேன். மாடி ஷவர் கேஜிலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று கொண்டால், மோட்டார் கிளம்பும் 1.4 கிலோவிலும் ஷவர் தலைக்கு 0.85 கிலோ மிஞ்சும். நன்றாகக் குளிக்க அது போதும். போதவில்லை என்றால் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள், அதன் ஓட்டைகள் அடைத்திருக்கும். அல்லது மாடிக்குப் போகும் குழாய் அரை அங்குலமாக இருக்கும், முக்கால் அங்குலம் போட்டிருக்க வேண்டும். ஐப்பசியில் உங்கள் எலக்ட்ரீஷியன் நட்டை இறுக்குமுன் பார்த்திருக்க வேண்டிய இடங்கள் இவை.

மேல்தொட்டியைப் பற்றிப் பாளையங்கோட்டைத் தம்பி சொன்னதை நான் தள்ளவில்லை. கரண்ட் இல்லாத நேரத்துக்கு அது ஒன்றே துணை. ஆனால் ஷவருக்கு 6 மீட்டர் மேலே தொட்டி இருந்தால்தான் 0.6 கிலோ கிடைக்கும். மாடி ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் நடுவே உங்களுக்கு இரண்டு மீட்டர்கூட இருக்காது, அதில் ஷவர் என்ற பெயருக்குச் சொட்டும். முடிந்தால் இரண்டையும் வையுங்கள்: ஐந்நூறு லிட்டரில் ஒரு மேல்தொட்டி, கழிப்பறைகளுக்கும் சமையலறைக்கும் அதிலிருந்து, குளியலறைகளுக்கு மட்டும் பிரஷர் டேங்கிலிருந்து. மோட்டார் அடிக்கடி கிளம்புவதும் குறையும்.

நான் முதலில் சொல்ல விட்டுப்போனது ஒன்று. கிணற்றில் தண்ணீர் ஃபுட் வால்வுக்குக் கீழே போய்விட்டாலோ, இழுக்கும் குழாயில் எங்காவது காற்று புகுந்தாலோ, அழுத்தம் ஏறவே ஏறாது. அழுத்தம் ஏறாதவரை பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தாது, அதற்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாது. தரையிலுள்ள மோட்டார் 7 மீட்டருக்குக் கீழிருந்து இழுப்பது கடினம். உங்கள் 22 அடி அந்த எல்லையில்தான் நிற்கிறது. இன்னும் இரண்டு அடி இறங்குகிற ஆண்டு வந்தால் மோட்டார் வறண்டு ஓடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்திவிடும் ட்ரை ரன் பேனல் ஒன்றை ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டுங்கள்; அல்லது கிணற்றுக்குள் பத்தடி ஆழத்தில் ஒரு திண்டு கட்டி மோட்டாரை இறக்கிவிடுங்கள். ஆனால் கால்வாய் ஓடும்போது உங்கள் தண்ணீர் பத்தடிக்கு ஏறுகிறது என்கிறீர்கள், திண்டு மூழ்கும். ஆகவே பேனலே சரி.

கல்லிடைவாசி

ஷவர் தலையைக் கழற்றினேன், அண்ணாச்சி. பாதி ஓட்டைகளில் வெள்ளைப் படிவு. டீச்சர் அக்காவின் வினிகர் வைத்தியமே அதற்கும் பலித்தது. மாடிக் குழாய் முக்கால் அங்குலம்தான். பேனலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். டேங்கின் காற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பழைய ஃபிட்டர், அம்பாசமுத்திரம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். கார் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் விடும்போது ஒன்று, கார்த்திகைத் தீபத்தை ஒட்டி ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஓட்டும் அளவு 1.4, நிறுத்தும் அளவு 2.5, காற்று 18 பவுண்டு என்று டேங்குக்கு மேலே சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். அடுத்து வருகிறவர் மூடியைத் திறந்ததும் நட்டைத்தான் தொடுவார். தொடுமுன் அவர் கண்ணில் அது படட்டும்.